வர்சித்தியின் இடது கால்

எங்கள் ஊர் அம்பராவாவிலிருந்து பண்டுங்கான் மேட்டுக்கு ஏறும் வாடகை வேன்களில் ஒன்றை மட்டும் ஒரு பெண் ஓட்டினாள். அவள்தான் வர்சித்தி. நான் கல்யாணமாகி இந்தச் சந்துக்கு வந்த காலத்திலிருந்தே அவளைத் தெரியும். என் வீட்டுக்கும் அவள் வீட்டுக்கும் நடுவில் நாலைந்து சுவர்கள்தான். மேட்டிலிருந்து முட்டைகோஸும் கேரட்டும் கொண்டுவரும் வியாபாரிப் பெண்கள், மற்ற வேன்கள் காலியாக நின்றாலும் அவள் வண்டி வரட்டும் என்று காத்திருப்பார்கள். வளைவுகளில் பிரேக்கை மிதித்துக் குலுக்காமல் கியரிலேயே இறக்கிக்கொண்டு வருவாள். மடியில் வைத்திருக்கும் தக்காளிகூட நசுங்காது என்று சொல்வார்கள். மூட்டையை வண்டியின் கூரைக்கு ஏற்ற ஆள் வைத்துக்கொள்ளவில்லை. அவளே தூக்கி எறிவாள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் வண்டி ஓடாது. அன்று காலை சந்து முனையிலிருக்கும் மண்டபத்தில் பெண்களுக்கு உடற்பயிற்சி. அதையும் அவள்தான் நடத்தினாள். பெரிய ஸ்பீக்கரில் பாட்டைப் போட்டுவிட்டு, மைக்கைக் கையில் பிடித்துக்கொண்டு எங்களைக் குதிக்க வைப்பாள். வேர்க்காத உடம்பு வாடகை வீடு மாதிரி, எப்போது காலி பண்ணச் சொல்வார்கள் என்று தெரியாது என்பாள். முட்டி வலி, தலைசுற்றல் என்று யார் எதைச் சொன்னாலும் அவளிடம் ஒரே மருந்துதான். இன்னும் கொஞ்சம் வேகமாக ஆடு. நான் மூன்றாவது வரிசையில் ஒளிந்துகொள்வேன். வேகவைத்த காய்கறியில் கடலைச் சட்டினி ஊற்றித் தரும் பெச்சல் கடை வைத்திருந்த பொனிரா பாதியிலேயே போய் மண்டபத்துப் படியில் உட்கார்ந்துவிடுவாள். எங்கள் எல்லோருக்கும் மூத்தவள் என்பதால் அவளை அக்கா என்ற அர்த்தத்தில் யூ பொனி என்று கூப்பிடுவோம். அவள் உட்கார்ந்ததைப் பார்த்ததும் வர்சித்தி மைக்கிலேயே, "யூ பொனிக்கு யாராவது ஒரு தலகாணி கொண்டாங்கப்பா" என்பாள். சந்தே சிரிக்கும். பொனிராவும் சிரிப்பாள்.

ஒரு மழைக்காலத்தில் வர்சித்திக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. ஈரமான முட்டைகோஸ் மூட்டை. கூரைக்கு எறிந்தபோது உள்ளே ஏதோ நழுவியது போலிருந்ததாம். அன்று மாலை வரை வண்டி ஓட்டினாள். மறுநாள் காலை சாவியைப் போட்டு உட்கார்ந்து கிளட்சை மிதிக்கப் போனபோது இடது கால் இறங்கவில்லை. பக்கத்து ஊரில் பேர் பெற்ற ஒரு பிடிப்பு எடுப்பவரிடம் போனாள். அவர் இடுப்பை ஒரு திருகு திருகியதில் நடந்து போனவளைத் தூக்கிக்கொண்டு வர வேண்டியதாயிற்று. மருந்து பிளாஸ்திரி, இஞ்சிக் கஷாயம், நாணயத்தால் முதுகைச் சுரண்டுவது என்று மாதங்கள் ஓடின. கடைசியில் செமாராங்கில் பெரிய ஆஸ்பத்திரியில் அறுவை செய்தார்கள். முதுகெலும்பின் நடுவிலிருந்து பிதுங்கிய தட்டை எடுத்தாயிற்று, ஆனால் நரம்பு வெகுநாள் நசுங்கிக் கிடந்திருக்கிறது, ஆறுவதற்கு நாளாகும், முழுக்க ஆறாமலும் போகலாம் என்று அங்கிருந்த டாக்டர் சொல்லியனுப்பினார். அந்தக் கடைசி வார்த்தையை மட்டும் வர்சித்தி யாரிடமும் சொல்லவில்லை. அவள் புருஷன் பாக் சுகெங் வழியாகத்தான் எங்களுக்குத் தெரிந்தது.

தையல் பிரித்துச் சில வாரங்கள் போனதும் அவள் மண்டபத்துக்கு வந்துவிட்டாள். நாங்கள் கை தட்டினோம். அவள் இல்லாத நாட்களில் பயிற்சியை நடத்திய யூனி மைக்கைக் கொடுத்தாள். வர்சித்தி பாட்டைப் போட்டு, பழையபடி குதித்தாள். முகம் வெளுத்துக்கொண்டே வந்தது. வலிதானே, அதை மிதித்துவிட்டு மேலே ஏற வேண்டும் என்று எங்களுக்கு எத்தனை வருஷம் சொன்னாளோ, அதைத் தனக்கும் செய்துகாட்டினாள். மூன்றாவது பாட்டு முடிவதற்குள் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அன்று வீட்டுக்குப் போனவள் அந்த வாரம் முழுக்கக் கழிப்பறைக்கும் தவழ்ந்துதான் போனாளாம்.

அதன் பிறகு ஒரு வருஷத்துக்கு மேல் அவளை வெளியே பார்க்க முடியவில்லை.

நான் அவ்வப்போது போய்ப் பார்ப்பேன். வலி எப்படியிருக்கும் என்று ஒருநாள் கேட்டேன். சில சமயம் தொடைக்குப் பின்னாலிருந்து பாதம் வரைக்கும் யாரோ கொதிக்கிற எண்ணெயைத் தெளிக்கிற மாதிரி இருக்கும், சில சமயம் கரண்ட் அடிக்கிற மாதிரி இருக்கும், எதுவும் இல்லாதபோது அது எப்போது வரும் என்று இருக்கும் என்றாள். எங்கள் ஊர் மலையடிவாரம். ராத்திரி கம்பளி இல்லாமல் முடியாது. ஆனால் கம்பளியின் நுனி பாதத்தில் பட்டாலே துடித்துப்போவாள். சுகெங் யோசித்து, கோழியைக் கவிழ்க்கும் மூங்கில் பஞ்சாரத்தைக் கழுவிக் காயவைத்துக் கொண்டுவந்தார். அதை அவள் காலுக்கு மேல் கவிழ்த்து, கம்பளியைப் பஞ்சாரத்தின் மேல் போர்த்தினார். கட்டிலைப் பார்த்தால் கால்மாட்டில் ஒரு குன்று எழுந்தது போலிருக்கும். சிரிக்கலாமா கூடாதா என்று எனக்குத் தெரியவில்லை. அவளே, "முட்டையிட்டா உனக்கும் தர்றேன்" என்றாள். அந்த வருஷத்தில் அவள் சொன்ன ஒரே வேடிக்கைப் பேச்சு அதுவாகத்தான் இருக்கும்.

மாத்திரைகள் தூக்கத்தைத் தந்தன. தூங்கி எழுந்தால் உடம்பு ஈரத்துணி மாதிரி கிடக்கும். டிவி ஓடிக்கொண்டிருக்கும், அவள் சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பாள். நகர்ந்தால் வலிக்கும் என்று நகராமலிருந்தாள். நகராமலிருந்ததில் இடுப்பு இறுகியது, தொடை சூம்பியது, அப்புறம் சும்மா படுத்திருந்தாலும் வலித்தது. தொழுகையை நாற்காலியில் உட்கார்ந்து செய்தாள். பிறகு படுத்தபடியே செய்தாள். வேன் மண்டபத்துக்குப் பின்னால் நின்று தூசி பிடித்தது. பூனை ஒன்று அதற்கடியில் குட்டி போட்டது. சுகெங் சலூன் வைத்திருந்தவர். பகலெல்லாம் நின்று முடி வெட்டிவிட்டு, வந்து சோறு வடித்து, துணி துவைத்து, அவளைக் குளிக்க வைத்து, சாப்பாட்டு மேசையிலேயே உட்கார்ந்தபடி தூங்கிப்போவார். அதிகம் பேசாத மனிதர். அவரிடம் முடி வெட்டிக்கொள்கிறவர்கள், அவர் சீப்பு பேசுகிற அளவுக்குக்கூட அவர் பேச மாட்டார் என்பார்கள்.

டவுன் ஆஸ்பத்திரியில் நரம்பு வலிக்காரர்களுக்குப் பயிற்சி சொல்லித்தருகிறார்கள் என்று யாரோ சொல்ல, சுகெங் அவளை அங்கே கூட்டிக்கொண்டு போனார். பைக்கில் அவளால் உட்கார முடியாதென்று வாடகைக் கார் பிடித்து, துணைக்கு என்னையும் அழைத்துக்கொண்டார். அங்கே பயிற்சி தருகிற பெண்ணின் பெயர் ரெஸ்தி. தலைமுக்காட்டைக் காதுக்குப் பின்னால் ஊசி குத்தி இறுக்கிக் கட்டிய, சிடுசிடுக்காத, அவசரப்படாத பெண். நல்ல நாளில் அதிகம் வலிக்காமல் எவ்வளவு தூரம் நடக்க முடியும் என்று வர்சித்தியை மரியாதையாக இபு என்று அழைத்துக் கேட்டாள். பள்ளிவாசல் திருப்பம் வரை என்று வர்சித்தி சொன்னாள்.

"அப்ப அதுல பாதி தூரம் நடங்க இபு. நல்ல நாள்லயும் அவ்வளவுதான். மோசமான நாள்ல இன்னும் கொஞ்சம் குறைச்சுக்குங்க, ஆனா சுத்தமா விட்டுடாதீங்க."

"நல்லா இருக்கிற நாள்ல ஏன் நிறுத்தணும்?"

"நீங்க எப்ப ஓடுவீங்களோன்னு உங்க நரம்பு பயந்துபோய் இருக்கு. அதான் முன்கூட்டியே கத்துது. நீங்க ஓட மாட்டீங்கன்னு அதுக்குத் தெரியணும். அதுக்கு நாளாகும்."

பிறகு செய்துகாட்டினாள். மல்லாந்து படுத்து முழங்காலை மடக்கி மெல்ல விரிப்பது. நாற்காலியில் உட்கார்ந்து காலை நீட்டி, பாதத்தைத் தன் பக்கம் இழுத்து, இழுபடுகிறது என்று தோன்றுவதற்கு முன்பே விட்டுவிடுவது. நாற்காலியிலிருந்து கையை ஊன்றாமல் எழுந்து மறுபடியும் உட்காருவது. அவ்வளவுதான்.

திரும்பி வரும் வழி முழுக்க வர்சித்தி ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு வந்தாள். வீட்டு வாசலில் இறங்கியதும்தான் வாய் திறந்தாள். "மூட்டை தூக்கின உடம்பு இது. காலை நீட்டி மடக்கச் சொல்லுது அந்தப் பொண்ணு. தொட்டில்ல கிடக்கிற குழந்தை இதைவிட அதிகமா ஆட்டும்" என்றாள். சுகெங் காருக்குப் பணம் கொடுத்து அனுப்பினார். அவளை மறுபடி அங்கே அழைத்துப்போகவில்லை. அவள் அந்தப் பயிற்சிகளில் ஒன்றைக்கூடச் செய்யவில்லை.

அப்படியே விட்டிருப்பாள். சுகெங்குக்கு டைபாய்டு வந்ததால் அது மாறியது.

கடையில் ஒருவருக்குச் சவரம் செய்துகொண்டிருந்தபோதே அவருக்குக் குளிர் எடுத்திருக்கிறது. கத்தியை வைத்துவிட்டு, மன்னிப்புக் கேட்டு, பாதி முகத்தோடு அவரை அனுப்பிவிட்டு வீட்டுக்கு வந்து படுத்தார். அன்று ஒரே வீட்டில் இரண்டு கட்டில். தண்ணீர் கேட்டார். வர்சித்தி எழுந்து சமையலறைக்குப் போகப் பார்த்தாள். சுவரைப் பிடித்துக்கொண்டே போய்ச் சேர்ந்துவிட்டாள். ஒரு கையால் சுவரையும் மறு கையால் தண்ணீர் நிறைந்த செம்பையும் பிடித்துக்கொண்டாள். திரும்பி வருவதற்குள் பாதி கொட்டிவிட்டது. அதை வழுக்காமல் தாண்ட முடியாமல் நடுக்கூடத்தில் நின்றுவிட்டாள். உட்காரவும் முடியவில்லை, போகவும் முடியவில்லை. அந்த நேரத்தில்தான் பொனிரா கஞ்சியோடும் நான் தேநீரோடும் உள்ளே நுழைந்தோம்.

பொனிரா தரையைத் துடைத்தாள். நான் சுகெங்குக்குக் கஞ்சி கொடுத்தேன். வர்சித்தியை நாற்காலியில் உட்கார வைத்தோம். அவள் பொனிராவின் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"யூ, உங்க கால் எத்தனை நாளா எரியுது?"

பொனிரா துடைப்பதை நிறுத்தவில்லை. "யார் சொன்னா உனக்கு?"

"பாதத்தை வைக்கிறப்ப தரையைத் தேடித் தேடி வைக்கிறீங்க. நானும் இப்ப அப்படித்தான் வைக்கிறேன்."

"சர்க்கரை வந்ததுலேர்ந்து. எரியும், அப்புறம் மரத்துப்போகும். எரியறப்பகூடத் தேவலை. மரத்துப்போனா கால் எங்க இருக்குன்னே தெரியாது."

"எங்ககிட்ட சொல்லவே இல்லியே."

"யார்கிட்ட சொல்றது வர்? மைக்ல தலகாணி கேட்டவகிட்டயா?"

நான் கஞ்சிக் கரண்டியை அப்படியே பிடித்துக்கொண்டிருந்தேன். வர்சித்தி, விளையாட்டாகத்தான் சொன்னேன் என்றாள். அது தனக்கும் தெரியும் என்றாள் பொனிரா. அதனால்தானே தானும் சிரித்தாள். சிரித்துவிட்டு வீட்டுக்குப் போய், சாப்பாடு என்னாச்சு என்று கேட்ட தன் புருஷனைக் கண்டபடி திட்டியிருக்கிறாள். பாவம், அந்த மனுஷனுக்கு ஏன் என்றே தெரியாது.

"தப்புதான் யூ" என்றாள் வர்சித்தி.

"தப்பா இல்லியான்னு பேசிக்கிட்டிருந்தா கஞ்சி ஆறிடும். குடி."

மன்னித்தேன் என்று பொனிரா சொல்லவில்லை. அதற்குப் பிறகும் வெகுகாலம், கோபம் வருகிறபோதெல்லாம் அந்தத் தலகாணியை எடுத்து வீசுவாள். ஆனால் சுகெங் படுத்திருந்த நாட்களில் தினமும் வந்தாள். வந்தவள் ஒருநாள், சுகாதார நிலையத்தில் தனக்கும் ஒரு பயிற்சி சொல்லிக் கொடுத்ததாகச் சொன்னாள். நாற்காலியில் உட்கார்ந்து, பழைய செய்தித்தாளைத் தரையில் விரித்து, வெறும் காலால் அதைக் கசக்கிப் பந்தாக்க வேண்டும். பிறகு காலாலேயே பிரிக்க வேண்டும். பிறகு கால்விரலால் கிழிக்க வேண்டும். வீட்டில் தனியாக உட்கார்ந்து அதைச் செய்ய வெட்கமாக இருந்ததால் விட்டுவிட்டாளாம்.

வர்சித்தி பழைய செய்தித்தாள் எங்கே இருக்கிறதென்று என்னைக் கேட்டாள். சலூனுக்கு வருகிறவர்கள் படிப்பதற்கென்று வாங்கிய கட்டு கட்டிலுக்கடியில் கிடந்தது.

இரண்டு பேரும் எதிரெதிரே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தார்கள். பொனிராவின் விரல்கள் காகிதத்தைப் பிடிக்கவேயில்லை. அவை அங்கே இருப்பதே அவளுக்குத் தெரியாததால் கீழே பார்த்துப் பார்த்துத்தான் நகர்த்தினாள். வர்சித்தியின் வலது கால் ஒரு மந்திரியின் படத்தைச் சட்டென்று கசக்கிவிட்டது. இடது கால் காகிதம் உரசிய உடனே சுண்டிக்கொண்டது. பல்லைக் கடித்து மறுபடி வைக்கப்போனவள், நடுவில் நிறுத்தினாள். சுகெங்கின் தடித்த காலுறை ஒன்றைக் கேட்டாள். அதை அகலமாக விரித்து, மெல்லப் போட்டுக்கொண்டு, காகிதத்தைக் கசக்காமல் குதிகாலால் தள்ளி மட்டும் பார்த்தாள். தள்ள முடிந்தது. உள்ளறையிலிருந்து காய்ச்சல் குரலில் சுகெங் என்ன சத்தம் என்று கேட்டார். உங்கள் பேப்பரைப் படிக்கிறோம் என்றாள் பொனிரா.

ரெஸ்தி சொன்ன பயிற்சிகளை அதன் பிறகுதான் வர்சித்தி தொடங்கினாள். தொடங்கினாள் என்று சொன்னாலும் அதில் ஒன்றும் பெரிதாக நடக்கவில்லை. காலை நீட்டிப் பாதத்தை இழுத்து விடுவதை அவள் கிளட்ச் என்று கூப்பிட்டாள். அரை கிளட்ச் போதும், முழுக்க மிதித்தால் வண்டி அணைந்துவிடும் என்பாள். எழுந்து உட்காருவதற்கு அவளுடைய நாற்காலி தாழ்வாக இருந்தது. மேலே ஒரு தலையணையைப் போட்டாள். அதைப் பார்த்துவிட்டுப் பொனிரா என்ன சொல்லியிருப்பாள் என்று நான் எழுத வேண்டியதில்லை. காலையில் உடம்பு இறுகியிருக்கும், அப்போது வேண்டாம் என்று கண்டுபிடித்தாள். வெந்நீரில் குளித்த பிறகு செய்தால் கொஞ்சம் இணக்கமாக இருந்தது. சந்தில் நடந்தாள், என் வீட்டு வாசல் வரை வந்து, சுவரில் சாய்ந்து, திரும்பிப் போவாள். உள்ளே வந்து தேநீர் குடிக்கச் சொன்னால் வரமாட்டாள். உட்கார்ந்துவிட்டால் திரும்ப எழுவது ஒரு வேலை.

வலி குறைந்ததா என்றால் குறையவில்லை. பல மாதங்களுக்கு எண்ணெய் அதே எண்ணெய்தான், தெளிப்பதும் அதே மாதிரிதான். என்ன மாறியது என்று எங்களால்கூடச் சொல்ல முடியவில்லை. ஒருநாள் அவள் தானே உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். இன்னொரு நாள் தொழுகைக்குப் படுக்கையிலிருந்து நாற்காலிக்கு வந்திருந்தாள். சுகெங் மேசையில் தூங்கிப்போவதில்லை.

ஒரு கோடையில் அவளுக்குத் தொடர்ந்து நல்ல நாட்கள் வந்தன. என் வீட்டையும் தாண்டி, பள்ளிவாசலையும் தாண்டி, நெல் வயல்களுக்கு நடுவே ரவா பெனிங் ஏரிக்கரை வரை ஒரு நாள் காலை நடந்துவிட்டாள். அங்கே படகுக்காரர்களோடு பேசிவிட்டு, பொரித்த சிறுமீன் வாங்கிக்கொண்டு, திரும்பும்போது பாதி வழியில் காலை எடுத்து வைக்க முடியாமல் வரப்பில் உட்கார்ந்துவிட்டாள். யாரோ பைக்கில் கொண்டுவந்து விட்டார்கள். பழையபடி கட்டில், பழையபடி மாத்திரை. சுகெங் கோபப்பட்டு நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். அப்போதும் அவர் அவளை எப்போதும்போல் பூனே என்றுதான் கூப்பிட்டார்; அவள் அவரைப் பக்னே என்பாள்.

"மோசமான நாள் உன்னை ஒண்ணும் பண்ணல பூனே. அன்னைக்கு நீ ஒழுங்கா இருக்கே. நல்ல நாள்தான் உன்னைக் கெடுக்குது."

"எனக்கு அலுத்துப்போச்சு பக்னே. எத்தனை நாளைக்கு வாசலைப் பார்த்துட்டுத் திரும்புறது? ஒருநாளாவது முழுசா நடக்கணும்னு இருந்துச்சு."

"தெரியுது. எனக்கும் அலுத்துப்போச்சு."

அவர் அவள் வாங்கி வந்த மீனைச் சட்டினியோடு தட்டில் வைத்துக் கொண்டுவந்தார். இருவரும் கட்டிலிலேயே உட்கார்ந்து சாப்பிட்டார்கள்.

தேறி வந்ததும் அவள் வேனை விற்றுவிட்டாள். அதைச் சுகெங் கேட்கவில்லை, நாங்களும் சொல்லவில்லை. வாங்க வந்தவன் வண்டியை ஓட்டிக்கொண்டு போனபோது, வீட்டுக்குள்ளிருந்தே அவன் கியர் மாற்றும் சத்தத்தைக் கேட்டு, இரண்டாவதை அவசரமாகப் போடுகிறான் என்று மட்டும் சொன்னாள்.

மறுபடி மண்டபத்துக்கு அவள் வந்தது அதற்கப்புறம்தான். யூனியின் பாட்டுகள் இன்னும் வேகமானவை. வர்சித்தி எங்கள் எல்லோருக்கும் பின்னால், கதவோரம், தன் பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டுக்கொண்டாள். பொனிரா பக்கத்தில் இன்னொன்றைப் போட்டாள். நாங்கள் குதித்தோம்; அவர்கள் இருவரும் கையை மட்டும் ஆட்டினார்கள், குதிகாலைத் தூக்கினார்கள், கிளட்ச் போட்டார்கள். புதிதாகக் கல்யாணமாகி வந்திருந்த பெண்கள் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். அவர்களுக்கு அவள் யாரென்று தெரியாது. வர்சித்தி அவர்களைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். வீட்டுக்குப் போகும்போது, அந்தச் சிவப்புச் சட்டைப் பெண் குதிக்கும்போது முழங்காலைப் பூட்டிக்கொள்கிறாள், யாராவது சொல்லுங்கள் என்றாள்.

இரண்டாவது மாதத்தில் பின்வரிசையில் நாற்காலிகள் கூடின. முட்டி வலிக்காரிகள் வந்தார்கள். பக்கவாதம் வந்து ஒரு கை தொங்கிய தபால்காரர் பாக் டர்மோவை அவர் மனைவி கூட்டிக்கொண்டு வந்து உட்கார வைத்தார். யூனி ஒருநாள் பயிற்சியின் முடிவில் மைக்கை எடுத்துக்கொண்டு பின்னால் வந்து, பின்வரிசையை நீங்களே நடத்துங்கள் என்று கேட்டாள். வர்சித்தி மைக் வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். ஒவ்வொருவராக, எது முடியும், எது முடியாது என்று கேட்டாள். டர்மோவுக்கு நல்ல கையால் மற்ற கையைத் தாங்கித் தூக்கச் சொன்னாள். முடியாது என்று யாராவது சொன்னால், சரி விடுங்கள் என்றாள். அந்த வாயிலிருந்து அந்த வார்த்தை வந்ததை நாங்கள் முன்வரிசையிலிருந்து ஆடிக்கொண்டே கேட்டோம்.

பொனிராவின் காலில் ஒரு கறுப்புப் புள்ளியைக் கண்டவளும் வர்சித்திதான். வெள்ளிக்கிழமைகளில் வர்சித்தி வீட்டில் செய்தித்தாள் பயிற்சி நடக்கும். வெறும் காலைக் காகிதத்தில் வைத்தபோது சுண்டுவிரலுக்கு அடியில் ஈரம் பட்டது. பொனிராவுக்கு ஒன்றும் தெரியவில்லை. கடையில் ஏதோ ஆணி குத்தி, அதோடு எத்தனையோ நாள் நின்று பெச்சல் விற்றிருக்கிறாள். நாளைக்குப் பார்க்கலாம், கடலை அரைக்க வேண்டும் என்று எழுந்தவளை வர்சித்தி விடவில்லை. சண்டையே நடந்தது. கடைசியில் அவளுடன் தானும் போய், வாடகைக் காரின் பின் இருக்கையில் இடது காலைக் குறுக்கே நீட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். ஆஸ்பத்திரி வராந்தாவில் அன்று பகல் முழுக்கக் கடின நாற்காலியில் இருந்தாள். அந்த வாரம் முழுக்க அதற்கு விலை கொடுத்தாள்.

ஒரு விரலை எடுத்துவிட்டார்கள். பாதம் தப்பித்தது. இன்னும் சில நாள் விட்டிருந்தால் முழங்கால் வரை போயிருக்கும் என்று டாக்டர் சொன்னதைப் பொனிராவே சந்தில் எல்லோரிடமும் சொன்னாள். ஆனால் வர்சித்தியிடம் நன்றி சொன்னதை யாரும் கேட்டதில்லை. கட்டு பிரித்த பிறகு அவள் நின்றால் ஒரு பக்கம் சாய்ந்தாள். வர்சித்தி அவளுக்காகப் பயிற்சியை மறுபடி மாற்றினாள். நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு, உடம்பின் பாரத்தை ஒரு காலிலிருந்து மறு காலுக்கு மெல்ல மாற்றுவது. விழுந்தால் பிடிக்கிறேன் என்று வர்சித்தி பக்கத்தில் நின்றாள். "நீ பிடிச்சா ரெண்டு பேரும்தான் விழுவோம்" என்றாள் பொனிரா. அது உண்மைதான் என்பதால் சுகெங்கைக் கூப்பிட்டு நடுவில் நிறுத்தினார்கள். அவர் கடையைத் திறந்துபோட்டுவிட்டு வந்து, ஒரு பக்கம் ஒருத்தி, மறுபக்கம் ஒருத்தி என்று நின்றார்.

அவர்களைப் பற்றி யாராவது என்னிடம் கேட்டால் என்ன சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை. வர்சித்தி குணமாகவில்லை. ரெஸ்தியிடம் வருஷத்துக்கு ஓரிரு தடவை போய்வருகிறாள். மாத்திரை குறைந்திருக்கிறது, நின்றுவிடவில்லை. மழை இறங்கும் நாட்களில் கால் அவளுக்கு முந்திக்கொண்டு சொல்லிவிடுகிறது. கல்யாண வீட்டுச் சமையலுக்கு வருவாள், உட்கார்ந்து மிளகாய் கிள்ளுவாள், பாதியில் சொல்லாமல் எழுந்து போய்விடுவாள். யாரும் ஏன் என்று கேட்பதில்லை. சந்தைக்குப் போக வேண்டுமென்றால் யாரோ ஓட்டுகிற வேனில் முன்னிருக்கையில் ஏறிப் போகிறாள்.

போன ஞாயிற்றுக்கிழமை தாமதமாக வந்தாள். முகத்தைப் பார்த்தாலே ராத்திரி தூங்கவில்லை என்று தெரிந்தது. நாற்காலியில் உட்கார்ந்தாள். தோளைச் சுழற்றினாள், வலது குதிகாலைத் தூக்கினாள், இடது காலைக் கொஞ்சம் நீட்டிப் பார்த்து, நீட்டியது போதுமென்று மடக்கிக்கொண்டாள். பின்வரிசைக்காரர்கள் அவளையே பார்த்தபடி இருந்தார்கள். "நீங்க செய்யுங்க, எனக்கு இன்னைக்கு இவ்வளவுதான்" என்றாள். பாட்டு முடியும்வரை அப்படியே உட்கார்ந்திருந்துவிட்டு வீட்டுக்குப் போய்ப் படுத்தாள்.

இந்த ஞாயிறு வரவில்லை. சாயங்காலம் போய்ப் பார்த்தேன். அடுத்த வாரம் பார்க்கலாம் என்றாள்.